வளைகுடா ஒப்பந்தங்களைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் அரேபியாவைப் பிடித்து ஆண்டார்கள்’ என்று ஒரு கட்டுரை தொடங்கினால், முதல் வரியிலேயே தவறு நிகழ்ந்துவிடுகிறது. 1839-ல் படை அனுப்பிக் கைப்பற்றிய ஏடனையும் சில சிறு தீவுகளையும் விட்டால், அவர்கள் அங்கே நேரடியாக ஆண்ட நிலம் ஏறக்குறைய இல்லை. ஓமானிலும் வளைகுடாக் கரையிலும் அவர்களுடைய செல்வாக்கு ஒப்பந்தங்கள் வழியாகவே வளர்ந்தது. அந்த ஒப்பந்தங்களின் பின்னே போர்க்கப்பல்கள் நின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த ஒப்பந்தங்களை எல்லாம் ஒன்றாகக் குவித்து ‘அடிமை சாசனம்’ என்று பெயரிடுவதுதான் மிகப் பெரிய தவறு. ஒவ்வொன்றின் நோக்கமும் வேறு. 1819-ல் அல் காசிமி குலத்தின் துறைமுகமான ராஸ் அல் கைமாவைத் தாக்கி அழித்த கையோடு, 1820-ல் கரையோரத்தை ஆண்ட ஷேக்குகளிடம் வாங்கிய ஒப்பந்தம் கடலில் கொள்ளையடிப்பதைத் தடுத்தது. 1835-ல் ஏற்பட்டது முத்துக்குளிப்புப் பருவத்துக்கான போர்நிறுத்தம் மட்டுமே. குலங்களுக்கிடையே சண்டை மூண்டால் படகுகள் கடலுக்குப் போகாது, கரையின் பிழைப்பே நின்றுவிடும். அதனால் ஷேக்குகளுக்கும் அதில் அக்கறை இருந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட அந்த ஏற்பாடு 1843-ல் பத்தாண்டு உடன்பாடாக நீண்டு, 1853-ல் நிரந்தரமாயிற்று. அப்போதும் நிலத்தில் நடந்த சண்டைகள் அதற்குள் வரவில்லை. பிற வல்லரசுகளோடு தொடர்பு கொள்ள மாட்டோம், நிலத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று ஷேக்குகள் எழுதிக்கொடுத்தது 1892-ல்தான். எழுபது ஆண்டுகளில் படிப்படியாக இறுகிய பிடியை முதல் நாளிலிருந்தே இருந்ததாக எழுதுவது, அங்கே வாழ்ந்த மனிதர்களின் கணக்குகளையும் பேரங்களையும் அழித்துவிடுகிறது.

இன்னொரு தவறு, எல்லாவற்றையும் லண்டன் முடிவு செய்தது என்று கருதுவது. வளைகுடாவில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான ரெசிடெண்ட் இருந்தது பாரசீகக் கரையில் உள்ள புஷேரில். அவர் 1873 வரை பம்பாய் அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டவர், பிறகு இந்திய அரசாங்கத்துக்கு. ஓமான் சுல்தான் சயீத் 1856-ல் இறந்தபின், மஸ்கட்டும், அவர் ஆண்ட கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரும் யாருக்கு என்று அவருடைய மகன்களுக்குள் எழுந்த தகராறில் 1861-ல் தீர்ப்பு வழங்கியவர் இந்திய வைஸ்ராய் கானிங். சான்சிபார் ஆண்டுக்கு 40,000 வெள்ளி நாணயங்களை மஸ்கட்டுக்குத் தர வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. ஓமானின் இரு பாதிகளும் அத்துடன் பிரிந்தன. அதற்காக, திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானமாக ஓமானை எண்ணிவிடக் கூடாது. அது சட்டப்படி தனி அரசாகவே இருந்தது.

ஆட்சியாளர்களைப் பொம்மைகளாகக் காட்டுவது என்னை மிகவும் வருத்தும் பிழை. குவைத்தின் முபாரக்கைப் பாருங்கள். 1896-ல் தன் சகோதரர்களைக் கொன்று ஆட்சியைப் பிடித்தவர் அவர். துருக்கியப் பேரரசை ஆண்ட உதுமானியரிடமிருந்து தப்ப, பிரிட்டிஷ் பாதுகாப்பை அவரே கேட்டார். முதலில் மறுத்தவர்கள் பிரிட்டிஷார்தான். ரஷ்யாவும் ஜெர்மனியும் அங்கே கால் வைக்குமோ என்ற அச்சம் வந்தபிறகே 1899-ல் இரகசியமாகக் கையெழுத்திட்டு, 15,000 ரூபாயும் கொடுத்தார்கள். கத்தாரில் ஜாசிம் 1871-ல் உதுமானியக் கொடியை ஏற்றுக்கொண்டார், 1893-ல் அதே உதுமானியப் படையை வஜ்பாவில் எதிர்த்துப் போரிட்டார். பெரிய அரசுகளுக்கு நடுவே இடம் தேடியவர்கள் இவர்கள். அந்தத் திறமையைச் சொல்லாமல் வரலாறு எழுத முடியாது.

பேரரசின் வன்முறையை மென்மையாக்குவது இதற்கு நேரெதிரான தவறு. அதே 1899-ல், பிரான்சுக்கு நிலக்கரிக் கிடங்கு அமைக்க இடம் கொடுத்த மஸ்கட் சுல்தான் பைசல், குண்டு வீசுவோம் என்ற மிரட்டலுக்குப் பணிந்து அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது.

ஆவணங்களைப் படிக்கும்போதும் கவனம் தேவை. ‘கடற்கொள்ளையர்’ என்ற சொல் பம்பாயின் கோப்புகளிலிருந்து வந்தது. அல் காசிமி மாலுமிகளுக்கு அது வணிகப் போட்டியும் போரும் கலந்த விஷயம் என்று வாதிடும் வரலாற்றாளர்களும் உண்டு. அந்தக் கோப்புகளுக்குச் செய்தி தந்தவர்கள் யார் என்றும் கேளுங்கள். ஷார்ஜாவிலும் பஹ்ரைனிலும் அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டிஷ் அதிகாரி எவரும் குடியிருக்கவில்லை. உள்ளூர் வணிகர்களே முகவர்களாக இருந்து புஷேருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களுக்கும் சொந்த வியாபாரம் இருந்தது, ஷேக்குகளோடு உறவும் பகையும் இருந்தன.