சவுத்தெண்ட் போகிறீர்களா? முதலில் கடல் ஏறும் நேரத்தைப் பாருங்கள்

கோடையில் லண்டனிலிருந்து ஒரே நாளில் கடற்கரைக்குப் போய்வர சவுத்தெண்ட் அருமையான இடம், ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் எந்த நாளில் போவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று கட்டாயம் பாருங்கள். தேம்ஸ் கடலில் கலக்கும் இடம் அது, வற்றும்போது தண்ணீர் ஒரு மைலுக்கு உள்வாங்கி வெறும் சேறுதான் தெரியும். நாங்கள் முதல்முறை அப்படித்தான் போய் மாட்டினோம், சின்னவள் நீச்சல் உடையோடு நின்று அழுதே விட்டாள். ஏறும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் போன வாரம் போனவர் சொன்ன கணக்கு உங்களுக்கு உதவாது. ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போனால் சரியாக இருக்கும்.

சேற்றில் தூரமாக நடக்கவே வேண்டாம், திரும்பி வரும் தண்ணீர் பின்பக்கமாகச் சூழ்ந்துவிடும். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பியருக்கு (pier, கடலுக்குள் நீளும் நடைபாலம்) போங்கள். 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், உல்லாசத்துக்கென்று கட்டிய பியர்களில் உலகிலேயே நீளமானது, அதன் மேலேயே குட்டி ரயிலும் ஓடுகிறது. கோடைதானே என்று ஜாக்கெட்டை விட்டுவிடாதீர்கள், நுனியில் காற்று நன்றாகவே குளிரும். அப்புறம், சிப்ஸ் சாப்பிடும்போது சுவர்ப் பக்கம் முதுகு காட்டி உட்காருங்கள், கடற்காகங்கள் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பாயும்.