மல்லாட்டைச் சுண்டல்: புரதத்தைச் சரியாகக் கணக்கிட்டுச் செய்யும் முறை

கடலூர்ப் பக்கத்தில் வேர்க்கடலையை வேர்க்கடலை என்று கேட்டு வாங்குபவர்கள் குறைவு. மணிலாக்கொட்டை என்ற பெயர் பேச்சில் தேய்ந்து மல்லாட்டையாகிவிட்டது. விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டியின் வரத்துக் கணக்கில் அது ‘மணிலா’தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து பிரான்சின் மர்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிப் போன சரக்கு இது. எண்ணெய்க்காக விளைவிக்கப்பட்ட வித்து என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இதனைப் புரதச் சிற்றுண்டி என்று நம்பி உண்பவர்களின் கணக்கு எங்கே பிசகுகிறது என்பது எளிதில் விளங்கும்.

காய்ந்த மல்லாட்டைப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருப்பது உண்மைதான். அதே 100 கிராமில் கொழுப்பு 40 முதல் 50 கிராம் வரை இருக்கிறது. எரிசக்தி 520 முதல் 570 கிலோகலோரி வரை வரும். அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது. 10 கிராம் புரதம் வேண்டுமென்றால் மல்லாட்டையில் சுமார் 225 கிலோகலோரியும், கொண்டைக்கடலையில் 190-ம், பச்சைப்பயறில் 145-ம், முட்டையில் 115-ம் கூடவே வந்து சேர்கின்றன. எடையைக் குறைக்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது இந்த எண்களைத்தான். பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘புரதம் நிறைந்தது’ என்ற வாசகத்தை அல்ல.

இரண்டாவது பிசகு தண்ணீரால் வருவது. நானே சில மாதங்கள் தினமும் மாலையில் வேகவைத்த மல்லாட்டையை 100 கிராம் நிறுத்துத் தின்றுவிட்டு, 25 கிராம் புரதம் என்று நோட்டில் எழுதி வந்தேன். உண்மையில் எனக்குக் கிடைத்தது அதில் ஏறத்தாழ பாதி. தோலுடன் உப்புநீரில் வேகவைத்த பருப்பு 100 கிராமில் சுமார் 13 கிராம் புரதமும் 320 கிலோகலோரியும்தான் இருக்கின்றன. வேகும்போது புரதம் ஓடிப்போய்விடவில்லை. பருப்பு தண்ணீரைக் குடித்துப் பருத்ததால், ஒவ்வொரு கிராமிலும் அதன் பங்கு குறைந்திருக்கிறது. முளைகட்டிய பயறுக்கும் இதே விதிதான். முளைகட்டினால் வைட்டமின் சி கூடுகிறது, இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளத் தடையாக இருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. புரதம் மட்டும் பெருகுவதில்லை. ஆகவே எதை நிறுத்தாலும் ஊறவைப்பதற்கு முன், காய்ந்த நிலையில் நிறுங்கள்.

இனி, மல்லாட்டையுடன் பச்சைப்பயறைச் சேர்க்கச் சொல்வதற்குக் கலோரி மட்டும் காரணமன்று. புரதத்தின் தரம் அதன் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களைப் பொறுத்தது. மல்லாட்டைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பச்சைப்பயறின் புரதத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நாம் மூன்று வேளையும் உண்ணும் அரிசியிலும் லைசின்தான் குறை என்பதால், சோற்றுக்குத் துணையாக மல்லாட்டையை மட்டும் நம்பினால் அந்தக் குறை அப்படியே நின்றுவிடும். பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலத்தை அரிசியும் எள்ளும் ஈடுசெய்கின்றன. இவையெல்லாம் ஒரே தட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே நாளின் உணவில் இருந்தால் போதும்.

மூன்று பேருக்குச் செய்ய 60 கிராம் மல்லாட்டைப் பருப்பும் 60 கிராம் பச்சைப்பயறும் எடுத்துக்கொள்ளுங்கள். தராசு இல்லாவிட்டால், 200 மில்லி டம்ளரில் மல்லாட்டை அரை டம்ளரும், பயறு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கழுவி, மல்லாட்டையை எட்டு மணி நேரமும் பயறை ஆறு மணி நேரமும் ஊறவையுங்கள். சேர்த்து வேகவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேகவைத்தால் மல்லாட்டை பதமாவதற்குள் பயறு குழைந்து கூட்டாகிவிடும். மல்லாட்டையைச் சிறிது உப்பிட்டுக் குக்கரில் மூன்று அல்லது நான்கு விசில் விடுங்கள்; பயறை மூடி போட்ட பாத்திரத்தில், மூழ்கும் அளவு தண்ணீரில், விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம் வரை வேகவிட்டால் போதும். வடித்த நீரைக் கொட்டாதீர்கள். ஃபோலேட் போன்ற நீரில் கரையும் சத்துகளில் ஒரு பகுதி அதில்தான் இறங்கியிருக்கும், அன்றைய ரசத்துக்கு அது ஆகும்.

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, வெந்த இரண்டையும் போட்டு ஈரம் வற்றும் வரை கிளறி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலைத் தூவி இறக்குங்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு பிழிய வேண்டும். அதிலுள்ள வைட்டமின் சி பயறின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது, கொதிக்கும் சூட்டில் பிழிந்தால் அது குறைந்துபோகும். இப்படிச் செய்த சுண்டலை மூன்றாகப் பங்கிட்டால் ஒருவருக்கு 9 முதல் 10 கிராம் வரை புரதமும் ஏறத்தாழ 220 கிலோகலோரியும் கிடைக்கும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பதாகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், இந்தச் சுண்டல் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தருகிறது. ஒரு சிற்றுண்டியிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

அறுவடைக் காலத்தில் மண் வாசனையோடு பச்சை மல்லாட்டை வரும்போது இந்தக் கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுத் தோலோடு அவித்துத் தின்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். மஞ்சக்குப்பத்தில் தள்ளுவண்டியில் விற்கும் அம்மாள் ஒருவர், நான் பிஞ்சுகளை ஒதுக்கிப் பொறுக்குவதைப் பார்த்து, “பிஞ்ச ஒதுக்காதீங்க சார், அவிச்சா அதுதான் இனிக்கும்” என்றார். சுவைக்கு அவர் சொன்னது முற்றிலும் சரி. புரதத்துக்கு முற்றிய காயே வேண்டும்: ஓட்டை உடைத்துப் பார்த்தால் உட்புறம் பழுப்பேறி நரம்போடியிருப்பது முற்றியது, வெள்ளையாகப் பஞ்சுபோல் இருப்பது பிஞ்சு. நான்கைந்து முறை தண்ணீர் தெளியும் வரை அலசி, உப்பிட்டுக் குக்கரில் நான்கு விசில் வைத்தால் வெந்துவிடும். உப்பு அதிகம் ஏறுவது அடுப்பை அணைத்த பிறகு, காய் அந்த நீரிலேயே ஆறும்போதுதான். ஓட்டைப் பிளந்ததும் விரலில் தெறிக்கும் அந்தச் சாறு முழுவதும் உப்புநீர். உப்பிட்டு அவித்த பருப்பு 100 கிராமில் சோடியம் 750 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். நாளுக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்து, வெந்தவுடனே நீரை வடித்துவிட வேண்டும்.

பூஞ்சணம் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. சரியாகக் காயாத மல்லாட்டையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுமையாக அழிவதில்லை. ஆகவே ஊறவைப்பதற்கு முன் பருப்பைத் தட்டில் பரப்பி, சுருங்கியதையும், கறுத்ததையும், பச்சை படிந்ததையும் பொறுக்கி எறியுங்கள். வாயில் ஒரு பருப்பு கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடற்கரை ஊர்களில் டப்பாவுக்குள்ளும் ஈரம் ஏறும் என்பதால், அந்த மாதங்களில் அரைக் கிலோவுக்கு மேல் வாங்கி வைப்பதில்லை.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது அறவே ஆகாது. அவித்தால் பாதகமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு, நசுக்கித்தான் கொடுக்க வேண்டும். சிறுநீரக நோய்க்காகப் புரதத்தை அளந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேங்காய் போட்ட சுண்டல் நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்திலேயே ஊசிவிடும். மறுநாள் அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால், வெந்த மல்லாட்டையையும் பயறையும் தாளிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் தாளித்து, தேங்காய்க்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி வறுத்த எள்ளுப்பொடியைத் தூவிக் கொடுங்கள்.