முடிவு தெரிந்த துருவப் பயண நாவலைப் படிப்பது எப்படி?

துருவப் பயண நாவல்களில் எல்லோரும் சாகப்போகிறார்கள் என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும். 'அப்புறம் என்ன ஆயிற்று' என்று படித்தால் சலிப்புதான் மிஞ்சும். நானும் அப்படித்தான் ஒரு நாவலை நூறாவது பக்கத்தில் மூடிவைத்தேன். பிறகு கண்டுகொண்ட வழி இது. உதாரணத்துக்கு, ஸ்வீடனின் ஆந்த்ரே குழுவை எடுத்துக்கொள்வோம்.

படி 1: நடந்ததைச் சுருக்கமாக எழுதிக்கொள்ளுங்கள்

1897 ஜூலை 11. ஆந்த்ரே, ஸ்ட்ரிண்ட்பெர்க், ஃப்ரெங்கெல் ஆகிய மூவரும் 'கழுகு' என்ற ஹைட்ரஜன் பலூனில் வட துருவம் நோக்கி, நார்வேக்கு வடக்கேயுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து கிளம்பினார்கள். பலூனைத் திசை திருப்ப உதவ வேண்டிய இழுவைக் கயிறுகளில் பெரும்பகுதி, சுமார் 530 கிலோ, புறப்பட்ட உடனேயே கழன்று விழுந்தது. ஜூலை 14 அன்று பனிமேல் இறங்கினார்கள். அக்டோபரில் க்விடோயா தீவை அடைந்து, அங்கேயே இறந்தார்கள். 1930இல்தான் உடல்கள் கிடைத்தன.

படி 2: யார் சொல்கிறார் என்று பாருங்கள்

ஆந்த்ரே நாட்குறிப்பு எழுதினார். ஸ்ட்ரிண்ட்பெர்க் தன் காதலி அன்னாவுக்குச் சுருக்கெழுத்தில் கடிதங்கள் எழுதினார். பாலைத்திணையின் பிரிவு பனிவெளியிலும் உண்டு! ஃப்ரெங்கெல் விட்டுச்சென்றதோ பெரும்பாலும் வானிலைக் குறிப்புகள். 1967இல் இதை நாவலாக்கிய ஸ்வீடிஷ் எழுத்தாளர் பேர் ஒலோஃப் சுண்ட்மன், கதைசொல்லியாக ஃப்ரெங்கெலைத்தான் எடுத்துக்கொண்டார். மனத்தைத் திறந்து எழுதாதவனிடத்தில்தானே நாவலாசிரியனுக்கு இடம் இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. பலூனில் வாயு கசிகிறது என்று கண்டு, முந்தைய ஆண்டு முயற்சிக்குப் பிறகு எக்ஹோல்ம் என்ற வானிலையாளர் விலகினார். அந்தக் காலி இடத்துக்கு வந்தவர்தான் ஃப்ரெங்கெல். இது தெரிந்தபின், தலைவர் ஆந்த்ரேயைப் பற்றி ஃப்ரெங்கெல் சொல்லும் சாதாரண வாக்கியம்கூட வேறு மாதிரி ஒலிக்கும்.

படி 3: வரைபடம் வரையுங்கள்

இதைத் தவறவிடாதீர்கள். ஒரு தாளில் இரண்டு நிறப் பென்சில்களால் அம்புகள் போடுங்கள்: ஒன்று மனிதர் நடந்த திசை, மற்றொன்று பனி நகர்ந்த திசை. மூவரும் சறுக்கு வண்டிகளை இழுத்துக்கொண்டு ஃபிரான்ஸ் ஜோசப் தீவுகளை நோக்கிக் கிழக்கே நடந்தார்கள். காலடிப் பனியோ மேற்கே மிதந்தது. சூரியனை அளந்து இருப்பிடத்தைக் கணக்கிட்டபோது, நடந்ததைவிட அதிகமாகப் பின்னால் போயிருந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் தென்மேற்கே திரும்பினார்கள். அந்த முயற்சியும் கைகூடவில்லை.

இப்போது நாவலில் பனி வரும் வாக்கியங்களை அடிக்கோடிடுங்கள். 'பனி சீறியது', 'பழிவாங்கியது' என்று எழுதுபவரிடம் எனக்கு நம்பிக்கை குறைவு. எதிரி என்றால் நம்மைக் கவனிக்க வேண்டும். இந்தப் பனிக்கு மூவர் தன்மேல் நடப்பதே தெரியாது. வெறும் எண்களாலும் திசைகளாலும் அதைச் சொல்லிவிடும் பக்கங்கள்தான் என்னை அதிகம் பயமுறுத்துகின்றன.

படி 4: படத்தைப் பாருங்கள்

33 ஆண்டுகள் பனியில் கிடந்த ஃபிலிமிலிருந்து 93 படங்களை மீட்டார்கள். ஒன்றில், சரிந்து கிடக்கும் பலூனின் முன் இருவர் நிற்கிறார்கள். மூன்றாமவர் எங்கே? கேமராவுக்குப் பின்னால். இறங்கிய இடத்தில் நின்று படமெடுக்க ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த மனநிலையை நாவல் எங்காவது தொட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 5: எழுதிப் பாருங்கள்

மிதக்கும் பனிப்பாளத்தின்மேல் கட்டிய குடிலில் குளிர்காலத்தைக் கழிக்க நினைத்தார்கள். அக்டோபர் 2 அன்று குடிலுக்கு அடியிலேயே பாளம் பிளந்தது. அந்தக் காலையை ஃப்ரெங்கெலின் குரலில் பத்து வரிகள் எழுதுங்கள். 'பயம்' என்ற சொல் மட்டும் வேண்டாம்.