காசு மெல்லிசா இருந்தா உடனே எரர் காயினா (நாணய ஆலையில தப்பா அடிபட்ட காசா)?

பழைய தடி அஞ்சு ரூபாயையும் இப்ப வர்றதையும் பக்கத்துல வச்சு "இது மெல்லிசா இருக்கு, எரர்"னு விலை சொல்றாங்க, நம்பிடாதீங்க. பழைய குப்ரோநிக்கல் (செம்பு-நிக்கல் கலவை) காசு 9 கிராம், பின்னாடி வந்த ஸ்டீலும் நிக்கல் பித்தளையும் 6 கிராம், இதெல்லாம் அகலம் 23 மிமீ தான்; 2019க்கு அப்புறம் வந்த புது டிசைன் மட்டும் 25 மிமீ, 6.74 கிராம்.

ரெண்டு டெசிமல் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசுல, அதே வருஷம் அதே உலோகத்துல உள்ள இன்னொரு காசோட சேர்த்து எடை போட்டுப் பாருங்க. நல்லாவே குறைஞ்சா லென்ஸ் எடுங்க. நிஜமாவே மெல்லிசு தகட்டுல அடிச்சதுன்னா அகலம் சரியா இருக்கும், மேடான இடத்துல டிசைன் முழுசா எழும்பாம மொழுக்குன்னு நிக்கும், ஆனா எழுந்த இடம் கூர்மையா இருக்கும், விளிம்பும் இருக்கும். ஆசிட்ல போட்டதுன்னா எழுத்து மொத்தமும் கரைஞ்சு, மேல்பரப்பு சொரசொரன்னு, அகலமும் சுருங்கியிருக்கும். இந்த ஆசிட் வேலைதான் ரொம்ப ஜாஸ்தி. அரம் போட்டு தேச்சதுல ஒரே திசையில கீறல் தெரியும்.

அமெரிக்கால 1970 குவார்ட்டர் (25 சென்ட்) சிலது டைம் (dime, 10 சென்ட்) காசுக்கான மெல்லிசு தகட்டுல அடிபட்டு 5.67 கிராமுக்கு பதிலா 4 கிராம் சொச்சம் தான் இருக்கும், அது அசல் எரர். பாலிஷ் மட்டும் போட்டுடாதீங்க, விலை போயிடும்.