வைடு ஸ்க்ரீன் மானிட்டர்ல படம் இழுத்துக்கிட்டு தெரியுதா? இப்படி சரி பண்ணுங்க

பழைய மானிட்டர தூக்கிட்டு புதுசா வைடு ஸ்க்ரீன் மாட்டி ஆன் பண்ணதும் எழுத்தெல்லாம் மங்கலா, ஃபோட்டோல இருக்கறவங்க முகமெல்லாம் பூரி மாதிரி உப்பி தெரியும், உடனே மானிட்டர் டிஃபெக்ட்னு கடைக்கு ஃபோன் போடுவாங்க. பெரும்பாலும் மானிட்டர்ல ஒரு குறையும் இருக்காது, செட்டிங்தான் காரணம்.

இப்ப வர்ற மானிட்டர்ல நிறைய 16:9, அதாவது அகலம் 16 பங்குன்னா உயரம் 9 பங்கு. கம்ப்யூட்டர் 1024×768னு (குறுக்க 1024 புள்ளி, நெடுக்க 768 புள்ளி, இதத்தான் ரெசல்யூஷன்னு சொல்றோம்) அனுப்புனா அது 4:3, அத வச்சு 1920×1080 ஸ்க்ரீன் முழுக்க நிரப்பணும்னா பக்கவாட்டுல இழுத்துதானே ஆகணும்.

முதல்ல செக் பண்ணுங்க

கண்ண நம்பாதீங்க, கொஞ்ச நாள்ல பழகிடும். பெயிண்ட் ஓப்பன் பண்ணி ஓவல் டூல எடுத்து ஷிஃப்ட் கீய அமுக்கிக்கிட்டே வரைஞ்சா சரியான வட்டம் வரும். அது மேல ஸ்கேல வச்சு உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா டிஸ்ப்ளே சரி. நான் மேல சொன்ன கேஸ்ல 6 செ.மீ உயரமுள்ள வட்டம் 8 செ.மீ அகலத்துக்கு முட்டையா நிக்கும்.

ரெசல்யூஷன மாத்துங்க

விண்டோஸ் டெஸ்க்டாப்ல காலியா இருக்கற இடத்துல ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், கொஞ்சம் கீழ வந்தா டிஸ்ப்ளே ரெசல்யூஷன்னு இருக்கும். அதுல ரெகமண்டட்னு பக்கத்துல போட்டிருக்கறத செலக்ட் பண்ணுங்க, கீப் சேஞ்சஸ் குடுங்க. தப்பா எதாவது செலக்ட் பண்ணி ஸ்க்ரீன் கறுப்பாயிட்டா பயப்படாதீங்க, எதையும் தொடாம விட்டா 15 செகண்ட்ல பழையபடி வந்துடும். எழுத்து ரொம்ப பொடியா இருக்குன்னு ரெசல்யூஷன குறைக்கவே குறைக்காதீங்க, அதுக்குத்தான் அதே பக்கத்துல ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 125% வச்சா போதும்.

லிஸ்ட்ல உங்க மானிட்டரோட ரெசல்யூஷனே இல்லையா? அப்ப டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் விரிச்சு பாருங்க. மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்னு இருந்தா கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது படம் காட்டற சிப்ப சரியா இயக்கற சாஃப்ட்வேர், போடலன்னு அர்த்தம். லேப்டாப் கம்பெனி, இல்ல இன்டெல், ஏஎம்டி, என்விடியா, எது உங்களோடதோ அவங்க சைட்லேர்ந்தே இறக்குங்க. தெரியாத சைட்ல டிரைவர் எடுக்காதீங்க.

மானிட்டர் மெனு

இன்னும் சரியாகலன்னா மானிட்டர்ல இருக்கற பட்டன அமுக்கி மெனுவுக்குள்ள போங்க. வைடு, ஃபுல், ஆஸ்பெக்ட், 4:3னு கம்பெனிக்கு ஒரு பேர்ல இருக்கும். 16:9 ஸ்க்ரீனுக்கு 1920×1080 அனுப்பும்போது அங்க 4:3 செட் ஆகியிருந்தா எல்லாம் ஒல்லியா தெரியும், அத மாத்திடுங்க. விஜிஏ கேபிள்ல படம் ஒரு பக்கமா தள்ளி நின்னா ஆட்டோ அட்ஜஸ்ட் ஒரு தடவ அமுக்குனா போதும்.

டிவிய மானிட்டரா போட்டவங்களுக்கு டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டு தெரியும், அது ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்த கொஞ்சம் பெருசாக்கி ஓரத்த வெட்டிடறது. டிவியோட பிக்சர் சைஸ்ல ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட் மாதிரி எது இருக்கோ அத வைங்க.

பழைய கேம், பழைய வீடியோ

4:3ல மட்டும் ஓடற கேம்னா என்விடியா கண்ட்ரோல் பேனல்ல அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன் போய் ஆஸ்பெக்ட் ரேஷியோ (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) குடுங்க, ஏஎம்டின்னா ஜிபியு ஸ்கேலிங் ஆன் பண்ணி பிரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ. 1080 உயரத்துக்கு படம் 1440 அகலம்தான் வரும், ரெண்டு பக்கமும் 240 பிக்சல் கறுப்பு பட்டை நிக்கும். அது இருக்கட்டும், அதுதான் சரி.

பழைய கல்யாண டிவிடிய போட்டுட்டு "பட்டை இல்லாம ஃபுல்லா வைப்பா"ன்னு வீட்ல கேப்பாங்க. தயவு செஞ்சு இழுக்காதீங்க. தாத்தா பாட்டி எப்படி இருந்தாங்கன்னு பிள்ளைங்க பாக்கறது அந்த வீடியோலதான், அவங்கள அவங்க உருவத்துலயே பாக்கட்டும். விஎல்சி வீடியோ பிளேயர்ல ஏற்கனவே இழுத்து ஓடுதுன்னா கீபோர்டுல ஏ எழுத்த அமுக்குங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு ரேஷியோவா மாறிக்கிட்டே வரும், முகம் சரியா தெரியற எடத்துல நிறுத்திக்கோங்க.