படகு மோட்டாரில் தண்ணீர் பீய்ச்சவில்லையா?

காசிமேட்டில் மோட்டாரைக் கிளப்பியதும் எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்ப்பது ஒன்றைத்தான்: சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா? படகின் பின்புறம் வெளியே மாட்டும் இந்த அவுட்போர்டு மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல் நீரையே அடியில் உறிஞ்சி, இன்ஜினைச் சுற்ற விட்டு வெளியே தள்ளுகிறது. அந்த நீர் நின்றால் உடனே மோட்டாரை அணையுங்கள். 'கரைக்குப் போய்ப் பார்க்கலாம்' என்று ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகி, சீஸ் ஆகிவிடும்.

அணைத்து, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தூக்குங்கள். விசிறிக்கு மேலே, தண்ணீருக்குள் இறங்கும் மோட்டார்க் காலின் பக்கவாட்டில் நீர் உறிஞ்சும் சல்லடை இருக்கும். நம் கரையோரத்தில் பாதி நேரம் பிளாஸ்டிக் பைதான் அதை மூடியிருக்கும். இல்லாவிட்டால் அறுந்த வலைத் துண்டு. எண்ணூர் முகத்துவாரத்தில் ஆழம் குறைந்த இடத்தில் ஓட்டியிருந்தால் சேறும் ஏறியிருக்கலாம்.

சல்லடை சுத்தமா? சரி, பீய்ச்சும் ஓட்டைக்குள் கொஞ்சம் தடித்த தங்கூசியை (நைலான் தூண்டில் நரம்பு) விட்டுக் குத்துங்கள். உப்பு கட்டியிருந்தால் உதிரும். கம்பி வேண்டாம், உள்ளே டியூபைக் கிழித்துவிடும்.

அப்போதும் வராவிட்டால் இம்பெல்லர். அது தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம். தண்ணீரில்லாமல் சில விநாடி ஓடினாலே கருக ஆரம்பிக்கும். அடிக்காலின் போல்ட்டுகளையும் கியர் கம்பி இணைப்பையும் கழற்றிக் காலை இறக்கினால் பம்ப் தெரியும். சக்கரத்தை ஷாஃப்டோடு (சுழலும் தண்டு) பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டான சாவியைத் தொலைத்துவிடாதீர்கள். சக்கரத்தின் இதழ் உடைந்திருந்தால் துண்டுகளை எண்ணுங்கள். நான் முதல் தடவை புது இம்பெல்லர் போட்டுவிட்டுப் பெருமையாகக் கிளம்பினேன். அரை மணியில் மறுபடி சூடு. பழைய இதழின் ஒரு துண்டு மேலே போகும் குழாயில் சிக்கியிருந்தது!

புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டை வலம் சுற்றியபடியே மூடியை இறக்குங்கள். இதழ்கள் சரியான பக்கம் மடியும். காலைத் திரும்ப மாட்டும்போது தண்ணீர்க் குழாய் பம்பின் வாயில் உட்கார்ந்ததா என்று பாருங்கள். அவசரத்தில் பலர் கோட்டை விடும் இடம் இது.

சோதனைக்கு டிரம் போதும். விசிறிக்கு மேலுள்ள தட்டு மூழ்குமளவு நீர் ஊற்றி, நியூட்ரலில் ஓட்டுங்கள்.

தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியும் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைச் (சூடானதும் திறந்து நீரை விடும் வால்வு) சந்தேகியுங்கள். பல மோட்டார்களில் அது திறக்காமல் சிக்கினாலும் ஓட்டையில் தண்ணீர் வரும். கழற்றி வெந்நீரில் போட்டால் வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் வேறு மாற்றுங்கள்.