வெள்ளைக்குக் கூட்டவும், கறுப்புக்குக் குறைக்கவும்

கேமராவின் ஒளிமானி, பொருளின் மீது விழும் ஒளியை அளப்பதில்லை. அதில் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டும் அளந்து, எதிரே இருப்பது ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. அதனால்தான் வெண்பனியோ வெள்ளை உடையோ காட்சியை நிறைக்கும்போது படம் மங்கிய சாம்பலாகவும், கறுப்புப் பின்னணி நிறைக்கும்போது வெளுத்தும் வருகிறது. முதல் நிலையில், கேமரா கணக்கிட்ட ஒளியளவை நாமே கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 முதல் +2 வரை கூட்ட வேண்டும். வெளிச்சமான காட்சிக்கு மேலும் ஒளியைக் கூட்டுவது முரணாகத் தோன்றினாலும் அதுவே சரியான வழி. இரண்டாவதில் −1 அளவுக்குக் குறைத்துப் பார்க்கலாம்.

முகத்துக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால், காட்சியின் ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் முறையில் முகத்தை மட்டும் அளந்து, அந்த அளவை ஏ.இ. லாக் பொத்தானால் நிறுத்திவைத்துக்கொண்டு, பிறகு காட்சியை அமைப்பது நல்லது. முகத்தின் நிறம் வெளிர்ந்ததா அடர்ந்ததா என்பதைப் பொறுத்து அங்கும் சிறு திருத்தம் தேவைப்படலாம்.

எடுத்த படத்தைச் சரிபார்க்க, சுற்றியுள்ள வெளிச்சத்துக்கேற்பக் கண்ணை ஏமாற்றும் திரையைவிட, படத்தின் இருண்ட பகுதிகளை இடப்புறமும் வெளிச்சமானவற்றை வலப்புறமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமே நம்பத்தக்கது. வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால், மிக வெளிச்சமான பகுதிகளின் நுணுக்கங்கள் பெரும்பாலும் மீளாது.